மான் தின்னாத வேலி

அந்த வேலிச்செடியை, பிளம்-யூவை, டிசம்பரில் வெட்டக் கூடாது, தம்பி. குளிரெல்லாம் ஓய்ந்து, புதுத் தளிர் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்ட வேண்டும். இப்போது வெட்டினால் வெட்டின இடம் கருகி நுனி முழுக்கப் பழுத்துவிடும். அந்தக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். காபி போட்டிருக்கிறேன். உங்கள் அப்பா உங்களுக்கு முன்னால் இதே ஷெரிப் ஆபீஸில் போலீஸாக இருந்த காலத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் குடிப்பார். அவரும் உங்களை மாதிரியே தொப்பியை மடியில் வைத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு டோவி பென்லண்டின் செத்துப்போன கழுதை வயிற்றில் ஊசி ஊசியாக இலை கிடந்ததென்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘ஆரின் டீக் வீட்டு வேலியிலதான் அது இருக்கு, போய் சாம்பிளுக்கு வெட்டிட்டு வாங்க’ என்று டோவி உங்களை அனுப்பியிருக்கிறாள். விஷச்செடி என்று முடிவாகிவிட்டால் நாளைக்கே மெஷின் கொண்டுவந்து வேலி முழுவதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று வாசலில் நின்று சொன்னீர்கள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்குக் காபி கொடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கு வளவளவென்று பேசுகிற பழக்கம் கிடையாது, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீங்கள் வெட்டப்போனது தப்பான செடி. அந்த வேலிக்கும் கழுதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழுதை தின்றது அசல் யூ என்கிற வேறு செடி. பின்பக்கம் சாமான் கொட்டகைக்கு மறைவில், கம்பிக்கூண்டுக்குள் மூன்று நிற்கிறது. அங்கே போய் வெட்டுங்கள். புதிதாக வெட்டின தழும்பு இருக்கும், அது என் கை.

அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள். செடி எங்கேயும் ஓடிவிடாது, நானும் ஓட மாட்டேன். எனக்கு முட்டிவலி.

“கழுதைக்காக மட்டும் நான் வரல மிஸ்டர் டீக்” என்கிறீர்கள். தெரியும். அதற்கும் வருகிறேன். முதலில் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றதும் புரியாது.

இரண்டும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டும் கரும்பச்சை, இரண்டும் பனியிலும் இலை உதிர்க்காது, இரண்டும் நிழலில் வளரும். பிளம்-யூ இலை கொஞ்சம் நீளம், தடித்த தோல் மாதிரி இருக்கும். திருப்பிப் பார்த்தால் வெளிறின கோடு இரண்டு ஓடும். அதை மான் தொடாது. பட்டினி கிடந்தாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அசல் யூ என்றால் மானுக்கு உயிர். பனிக்காலத்தில் குச்சி தெரிய மேய்ந்துவிடும். ஆனால் அந்த அசல் யூதான் விஷம். குதிரை, கழுதை, மாடு, மனிதன், யார் தின்றாலும் மாரடைத்துவிடும். மானை மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அதன் வயிறு அப்படி.

இந்த மலையோர ஊரில் மான் தின்கிறதா இல்லையா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். நர்சரியில் செடி வாங்கப்போனால் பூ என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. டோவி அதிலிருந்து ஒரு சித்தாந்தமே கட்டிவிட்டாள். மான் தின்றால் நல்ல செடி, மான் தின்னாவிட்டால் விஷச்செடி. படித்தவள்தான், சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள். எத்தனை பேர் சொன்னாலும் தலையில் ஏறாது.

என் மனைவி வெர்னாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. வடக்கு ஜன்னலோரம் கட்டில் போட்டுக்கொடுத்தேன். அந்தப் பக்கம் முழுக்க ஓக் மர நிழல், புல்கூட முளைக்காது. பனிக்காலத்தில் எட்டிப் பார்த்தால் செம்மண்ணும் சருகும்தான் தெரியும். “எனக்கு ஏதாவது பச்சையா தெரியணும் ஆரின், வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். நான் அன்றைக்கு விவரம் தெரியாதவன். நிழலுக்குத் தாங்கும் என்று சொன்னார்களே என்று அசல் யூவை வாங்கிக்கொண்டு வந்து வேலியோரம் வரிசையாக நட்டேன். அழகாக வந்தது. வெர்னா காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பாள்.

அப்போதுதான் டோவி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கொல்லையில் மான்களுக்குச் சோளம் கொட்ட ஆரம்பித்தாள். வாளி வாளியாகக் கொட்டுவாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். டச்சஸ், பெட்டூனியா, இன்னும் என்னென்னவோ. சோளத்தைத் தின்றுவிட்டு, வாய்க்கு மாற்றாக நேரே என் வேலிக்கு வரும். பின்னங்காலில் எழும்பி நின்று எட்டினமட்டும் உருவிவிடும். அவற்றின் மேல் எனக்குக் கோபமே இல்லை, வாயில்லா ஜீவன்.

நான் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வெர்னாவின் நிலைமையைச் சொல்லி, வசந்தம் வரைக்கும் சோளம் போடாமல் இரு என்று கேட்டேன். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அட போ ஆரின், செடிக்குப் போயி மூக்கச் சிந்திட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு? கடவுள் படைச்ச உசுரு பசியில கெடக்குது, உனக்கு உன் வேலிதான் பெருசாப் போச்சாக்கும்.”

“வேலி எனக்கில்ல டோவி, வெர்னாவுக்கு.”

“வெர்னாவுக்கு மான் புடிக்கும். கேட்டுப் பாரு. ஜன்னல் வழியா அதுகள பாத்தா சீக்கு பாதி போயிடும்.”

அடுத்த நாள் கோழியும் அரிசியும் போட்டு வேகவைத்த பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் ஊர் வழக்கம் அது, மனசு நோகப் பேசினாலும் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். நான் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரிக்குள் வேலி வெறும் குச்சியாகிவிட்டது. மானுக்கு எட்டாத உச்சியில் மட்டும் குடுமி மாதிரி கொஞ்சம் பச்சை. வெர்னா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். “ஜன்னல மூடிடு ஆரின். அந்தக் குச்சிங்கள என்னால பாக்க முடியல.” மூடினேன். அதற்கப்புறம் அந்த ஜன்னலைத் திறக்கும்படி அவள் கேட்கவே இல்லை. மூடின ஜன்னலைப் பார்த்தபடிதான் போனாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடக்கச் சாப்பாட்டில் டோவிதான் முன்னால் நின்று பரிமாறினாள். “பாவம், கடைசில வெளிச்சமே இல்லாம இருட்டுல கெடந்தா. இந்த மனுஷன் ஜன்னலக்கூட தொறந்து வைக்கல” என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து காற்று வாங்கினேன்.

அதற்கப்புறம்தான் பிளம்-யூவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்தக் குச்சிகளில் பிழைத்த மூன்றைக் கொட்டகைக்குப் பின்னால் மாற்றிக் கூண்டு போட்டேன். வெர்னாவுக்காக வாங்கினது, எறிய மனசு வரவில்லை. வேலியோரத்தில் பிளம்-யூ வைத்தேன். நம் செம்மண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும், அதனால் மேடு கட்டி, பைன் பட்டை தூவி, வேர்க்கட்டு கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி நட்டேன். முதல் மூன்று வருஷம் செத்ததோ பிழைத்ததோ என்று அசையாமல் நிற்கும். பொறுமை இல்லாதவன் பிடுங்கிவிடுவான். நான் பொறுமைசாலி. பிறகு ஒரு வசந்தத்தில் எல்லா நுனியிலும் இளம்பச்சை எட்டிப் பார்த்தது. டச்சஸ் வந்தது, மோந்து பார்த்தது, தும்மிவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குத்தான் வெர்னா போனபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

சர்ச்சின் வடக்குச் சுவரோரமும் வெர்னா பெயரில் ஒரு பாத்தி கட்டி, அதே செடியை வைத்துக்கொடுத்தேன். அங்கேயும் வெயில் வராது, அங்கேயும் மான் வரும். கற்படிக்குப் பக்கத்தில் மெத்தை விரித்த மாதிரி படர்ந்தது. பாஸ்டர் ஹாஸ்கல் அதற்கு ஜெபமெல்லாம் செய்தார்.

என் வேலியை மான் தின்னவில்லை என்பதை டோவியால் தாங்க முடியவில்லை. மான் தின்னாதென்றால் விஷம், விஷமென்றால் ஆரின் டீக் அவள் மான்களைக் கொல்லத்தான் வைத்திருக்கிறான். இதைத் தோட்டச் சங்கத்தில் சொன்னாள், முடி வெட்டுகிற கடையில் சொன்னாள், ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளிடமே சொன்னாள். கடைக்குப் போனால் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவார்கள். செடியின் பழம் ஒன்றை அவள் கண் முன்னாலேயே வாயில் போட்டு மென்று காட்டினேன். “கெட்டவனுக்கு விஷம் ஏறாது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் சர்ச் கமிட்டிக்குப் போனாள். குழந்தைகள் விளையாடுகிற இடம், அந்தப் பாத்தி இருக்கக் கூடாது என்று அழுதாள். அவளுக்கு அழுகை நன்றாக வரும். பாஸ்டர் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, கையைப் பிசைந்தபடி, “ஊர் ஒத்துமைக்காகப் பொறுத்துக்குங்க பிரதர்” என்றார். நான் பொறுத்துக்கொண்டேன். அவர் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே மண்வெட்டி போட்டுவிட்டார்கள். நான் போவதற்குள் எல்லாம் லாரியில் வேர் மேலாகக் கிடந்தது. அரும்பு வைத்திருந்தது, தம்பி. அடுத்த வசந்தத்துக்கு அரும்பு கட்டியிருந்த செடிகள் அவை. வெர்னாவின் பெயர்ப்பலகையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். டோவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனசுல வச்சிக்காத ஆரின். அடுத்த வருஷம் மான் திங்கிறதா பாத்து ஒண்ணு வச்சிக் குடு, நானே தண்ணி ஊத்துறேன்” என்றாள்.

மான் தின்கிறதாகப் பார்த்து. அவள் வாயால் சொன்னது. அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ அடங்கினது. கோபமே இல்லை, வேண்டுமானால் நிம்மதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் ஊர்வலம் உங்களுக்குத் தெரியாததல்ல. வருஷாவருஷம் உயிருள்ள ஆடு, மாடு, கழுதையெல்லாம் நிறுத்தி இயேசு பிறந்த கொட்டில் போடுவார்கள். மரியாள், யோசேப்பு வேஷம் கட்டினவர்கள் சர்ச் கூடத்திலிருந்து கிளம்பிக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கற்படியேறி சர்ச்சுக்குள் போவார்கள். கழுதை டோவியுடைய ஜூபல்தான், கயிறு பிடிப்பதும் அவள்தான். கொட்டிலுக்குப் பச்சைத்தழை கட்டுவது எப்போதும் என் வேலை. இந்த வருஷக் கூட்டத்தில் நான் வழக்கம்போலத் தழை கொண்டுவருகிறேன் என்றதும் டோவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“இந்தாளு தோட்டத்துத் தழை என் ஜூபல் பக்கத்துல வரக்கூடாது. அது பசிச்சா எதையும் திங்கும்.”

பாஸ்டர் தலையைச் சொறிந்தார். “தழை இல்லாம எப்படி டோவி?”

“மான் திங்கிற தழையா இருக்கட்டும். மான் தின்னா கழுதையும் திங்கலாம். இல்லேன்னா ஜூபல் வராது, அவ்வளவுதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “சரி டோவி. மான் திங்கிறதையே கொண்டாரேன்” என்றேன். “சத்தியமா?” என்றாள். “சத்தியமா” என்றேன். பாஸ்டர் கைதட்டினார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுக்கும் சமாதானம் ஆகிவிட்டதென்று சொல்லி ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டார்கள்.

சத்தியத்தை நான் மீறவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் அசல் யூவை வெட்டினேன், மாலையாகக் கட்டினேன், கழுதையின் தீவனத் தொட்டியைச் சுற்றி நெருக்கமாகச் செருகினேன். டோவியே வந்து பார்த்தாள். ஒரு கொத்தைக் கிள்ளி மோந்து பார்த்து, “இதத்தான டச்சஸ் தின்னுச்சு?” என்று கேட்டாள். “இதேதான்” என்றேன். ஜூபல் அவள் தோளுக்கு மேலாக எட்டி ஒரு வாய் இழுத்தது. “பாரேன், எவ்ளோ ஆசையா திங்குது” என்று சொல்லி அவள் கையாலேயே இன்னும் கொஞ்சம் ஊட்டினாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். பல வருஷமாக நான் சொன்ன ஒன்றையும் அவள் கேட்டதில்லை, அன்றைக்கு மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பினது. நான் பாட்டுக் கோஷ்டியில் நின்றேன், எனக்குக் கீழ்க்குரல். ஜூபல் கல்லறையைச் சுற்றும்வரை நன்றாகத்தான் நடந்தது. கற்படியில் மூன்றாவது படியோ நான்காவதோ, யாரோ காலை வாரிவிட்டது போல முன்னங்கால் மடங்கினது. கத்தவில்லை, உதைக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. வெர்னாவின் பாத்தி இருந்த வெறும் மண்ணுக்கு நேரே. அங்கே மட்டும் செடி இருந்திருந்தால் விழுகிறவர்களுக்கு மெத்தையாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. யாரும் கேட்டால்தானே.

ஆமாம், லுவான். அதற்குத்தான் வருகிறேன்.

டோவியின் மகள் லுவானைத்தான் இந்த வருஷம் மரியாளாக நிறுத்தினார்கள். ஏழு மாதம். நிஜமாகவே வயிற்றில் பிள்ளையோடு ஒரு மரியாள் கிடைத்தாளே என்று பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல பெண். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “உங்க செடி அழகா வந்திருக்கு அங்கிள், அம்மா சொல்றத கண்டுக்காதீங்க” என்பாள். கழுதை மேலிருந்து கற்படியில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். குழந்தை தங்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பினேன். டோவிக்குக் கோழியும் அரிசியும் வேகவைத்து வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள், தம்பி. காபி ஆறிப்போகிறது.

‘கழுதை மேல அவதான் உக்காந்திருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்டர் டீக்’ என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர், உங்கள் அப்பா இதைக் கேட்டிருக்க மாட்டார். மற்றவர்கள் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முதலில் லுவான் கழுதைக்குப் பக்கத்தில் நடந்து வருவதாகத்தான் ஏற்பாடு. தேநீர் குடித்துக் கலைகிற நேரத்தில் நான்தான் கையைத் தூக்கினேன். இந்த நிலைமையில் அவளைக் கல்லறை சுற்றி நடக்கவிடுவது சரியில்லை, படி வேறு ஏற வேண்டும், கழுதை மேல் உட்காரவைத்துக் கூட்டிவாருங்கள் என்றேன். தழை விஷயத்தில் நான் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அதைச் சொன்னேன். எந்தத் தழையை வெட்டப்போகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியும். கற்படி எவ்வளவு கூர்மை என்பதும் தெரியும், பாத்திக்கு மண் சுமந்தவன் நான்தானே.

டோவி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எம் பொண்ணு மேல உனக்கு இவ்ளோ அக்கறையா ஆரின், உன்ன நான் தப்பா நெனச்சிட்டேன்” என்று அழுதாள். அக்கறையில்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வாருங்கள், கொட்டகைப் பக்கம் காட்டுகிறேன். மெஷின்காரரிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடுங்கள், வேலியில் கை வைக்க வேண்டாமென்று. அது யார் வம்புக்கும் போகாத செடி, என்னைப் போல.